நாலு பைசா நம்முடையது

மகளிர் குழுவில் இருக்கிற எல்லாருக்கும் ஒரு கணக்கு நல்லாத் தெரியும். நாம முதல்ல சேமிக்கணும், அந்தச் சேமிப்பைப் பார்த்துத்தான் வங்கி கடன் கொடுக்கும். 1992-ல் நபார்டு வங்கி நாடு முழுக்க 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தபோதே, சேமிப்பு ஒரு பங்கு என்றால் கடன் ஒரு பங்கிலிருந்து நாலு பங்கு வரை என்று வைத்தார்கள். நம்ம கையிலிருந்து ஒரு ரூபாய் கிளம்பினால்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து ரூபாய் கிளம்பும்.

மானியத்திலும் இதே மாதிரி ஒரு வழி உண்டு. “உங்க பங்கைக் காட்டுங்க, அதுக்கு ஏத்தபடி நாங்க போடுறோம்” என்று அரசு சொல்கிற வழி. ஆபீசில் இதை மேட்சிங் கிராண்ட் என்பார்கள். நம்ம பேச்சில் பங்குத்தொகை என்றால் போதும். கடன் என்றால் திருப்பிக் கட்டணும். இதைத் திருப்பிக் கட்ட வேண்டாம், ஆனால் கணக்குக் காட்டணும்.

பிள்ளைகளுக்குச் சோறும், தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துப் பாடமும் இந்தப் பங்குத்தொகை வழியில் எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நம்ம ஜவ்வாது மலையில் ஊட்டச்சத்து வகுப்பு நடத்தப் பணம் கேட்டு எழுத வேண்டிய நேரம் வரும்போது, பழைய கதை தெரிந்திருந்தால் ஆபீசில் நின்று பேசத் தைரியம் வரும்.

ஒரு அணா சாப்பாடு

பள்ளியில் சோறு போடுவது நம்ம மாநிலத்தில் வெள்ளைக்காரன் காலத்திலேயே ஆரம்பித்தது. 1920-ல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியம் சாப்பாடு கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவு ஆகக்கூடாது என்பது கட்டு. பிள்ளைகள் வரத்து கூடியது, இன்னும் சில பள்ளிகளுக்கும் பரவியது.

ஆனால் 1925-ல் அது நின்று போனது. தொடக்கக் கல்விக்கு என்று ஒதுக்கின நிதியில் சோற்றுச் செலவை எழுதக்கூடாது என்று அன்றைய அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்குப் பசி இருந்தது, பெட்டியில் பணமும் இருந்தது. எந்தத் தலைப்பில் அந்தச் செலவை எழுதுவது என்ற இடத்தில் சோறு நின்று போனது. இது நூறு வருஷத்துக் கதை ஆனாலும் இன்றைக்கும் ஆபீசில் நமக்கு நடக்கிறது. “இந்த நிதி கட்டடத்துக்கு, இந்த நிதி கடனுக்கு, பாடம் நடத்த இதிலே எடுக்க முடியாதும்மா” என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் நம்மில் பல பேர்.

ஆறு பைசா அரசு, நாலு பைசா ஊர்

அடுத்தது காமராஜர் காலம். 1956-ல் மதிய உணவு ஆரம்பித்தது. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு இதற்காக ஊர் ஊராக அலைந்தவர். முதலில் இது முழுக்க முழுக்க ஊர்க்காரர்கள் கொடுத்ததை வைத்துத்தான் நடந்தது. பணம் இருந்தவர் பணம் கொடுத்தார். இல்லாதவர் அரிசி, கம்பு, கேழ்வரகு, பருப்பு, காய், விறகு என்று முடிந்ததைக் கொடுத்தார். பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராஜரே போய்த் தொடங்கி வைத்தார்.

1957 நவம்பரில் அரசு தன் பங்கைப் போட ஆரம்பித்தது. ஒரு சாப்பாட்டுக்கு 10 நயா பைசா என்று கணக்கு. அதில் 6 பைசா அரசு தரும், 4 பைசா ஊர் போட வேண்டும். அதாவது 60-க்கு 40. அந்த வருஷம்தான் அணாக் கணக்குப் போய் நயா பைசாக் கணக்கு வந்திருந்தது. பத்துப் பைசாவில் ஒரு பிள்ளை மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டது என்றால் இன்றைக்கு நம்ப முடியாது. ஆனால் நடந்தது.

அந்த நாலு பைசாவைச் சும்மா நினைக்கக்கூடாது. சோறு போடுவது அரசு மட்டும் என்றால், சோற்றில் கல் இருந்தாலும் அதிகாரி வருகிற வரைக்கும் யாரும் கேட்க மாட்டார்கள். நாலு பைசா போட்ட ஊர் கேட்கும். “எங்க அரிசி என்னாச்சு? எத்தனை பிள்ளை சாப்பிட்டுச்சு?” என்று கேட்கிற உரிமை அந்த நாலு பைசாவோடு சேர்ந்து வந்தது. 1958-லிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று நடத்தினார்கள். அதிலும் ஊர்க்காரர்கள் தங்கள் பள்ளிக்குப் பெஞ்சு, கரும்பலகை, நிலம், கட்டடம் என்று கொடுத்தார்கள். நம்ம பள்ளி என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது.

அதில் இருந்த ஒரு குறை

நல்லதைச் சொன்னது போல இதையும் சொல்லணும். 60-க்கு 40 என்ற கணக்கு எல்லா ஊருக்கும் ஒரே கணக்கு. நஞ்சை உள்ள ஊர், மில் முதலாளி உள்ள ஊர், வியாபாரிகள் உள்ள ஊர் நாலு பைசாவைச் சுலபமாகச் சேர்த்துவிடும். மழையை நம்பிப் பயிர் வைக்கிற ஊருக்கு அதே நாலு பைசா மலை மாதிரி. நாலு பைசா சேராத இடத்துக்கு அரசின் ஆறு பைசாவும் வராது. எந்த ஊர்ப் பிள்ளைக்குப் பசி அதிகமோ, அந்த ஊர்தான் பங்கு போட முடியாமல் பின்னால் நிற்கும். பங்குத்தொகை முறையின் பெரிய குறை இதுதான்.

1961-ல் அமெரிக்காவிலிருந்து கேர் என்ற நிறுவனம் பால் பவுடர், மாவு, எண்ணெய் என்று கொடுக்க ஆரம்பித்தபோது ஊர்களின் பாரம் கொஞ்சம் குறைந்தது. கீழ்நாட்டுப் பள்ளியில் படித்த பெரியவர்கள் இன்னமும் அந்தப் பால் பவுடரைப் பற்றிப் பேசுவார்கள். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்தபோது ஊர்ப் பங்கு என்பதே போய்விட்டது. அரசே முழுச் செலவையும் ஏற்றது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு, அதிலும் கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவு இல்லாதவர்களுக்கும், சமையல் வேலை கிடைத்தது. 1989-லிருந்து முட்டையும் சேர்ந்தது. ஏழை ஊர், பணக்கார ஊர் என்ற பேதம் இல்லாமல் எல்லாப் பள்ளியிலும் அடுப்பு எரிந்தது. பசிக்குச் சோறு போடுகிற விஷயத்தில் ஊரிடம் பங்கு கேட்காமல் இருப்பதுதான் நியாயம் என்று நானும் நினைக்கிறேன்.

சோறு வந்தது, பாடம்?

சோறு மட்டும் போதுமா என்ற கேள்வி 1980 வாக்கில் வந்தது. பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு அஞ்சு வயசு ஆகிவிடுகிறது. பிள்ளை மெலிவது அதற்கு முன்னாலேயே, ஆறு மாசத்திலிருந்து மூணு வயசுக்குள். தாய்ப்பாலோடு மற்ற சாப்பாடு கொடுக்க ஆரம்பிக்கிற நேரத்தில்தான் பிள்ளை எடை இறங்கும். அதைச் சோறு போட்டு மட்டும் தடுக்க முடியாது. தாய்க்குத் தெரியணும்.

1980-ல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் முதலில் நடத்திப் பார்த்தார்கள். ஆறு மாசத்திலிருந்து மூணு வயசு வரை உள்ள பிள்ளைகளை மாசாமாசம் எடை போடுவார்கள். எடையை ஒரு அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள். கோடு ஏறினால் சரி. கோடு படுத்தாலோ இறங்கினாலோ, அந்தப் பிள்ளைக்கு மட்டும் மூணு மாசம் சத்து உருண்டை கொடுப்பார்கள். எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். அதற்குள் தாய்க்குப் பாடம் நடக்கும்: எப்போது கொடுப்பது, எத்தனை தடவை கொடுப்பது, வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது என்று.

இந்த வேலைக்கு எடுத்த பெண்களைப் பற்றி ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த ஊர்ப் பெண்ணாக இருக்கணும், ஏழைக் குடும்பமாக இருந்தாலும் அவள் பிள்ளை நல்ல ஆரோக்கியமாக இருக்கணும் என்று பார்த்தார்கள். பட்டம் படித்தவர் வந்து “பருப்பு கொடு, கீரை கொடு” என்றால், “உங்களுக்கு என்னம்மா, வாங்க முடியுது” என்று நாம சொல்லிவிடுவோம். நம்மைப் போலவே கூலிக்குப் போகிறவள், தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னால் பதில் சொல்ல முடியாது.

அவளுக்குத் துணையாக ஊரில் பெண்கள் குழு ஒன்று அமைத்தார்கள். எடை போடும் நாளில் தாய்மார்களைக் கூட்டி வருவது, சத்து உருண்டை பிடிப்பது, வராத வீட்டுக்குப் போய்ப் பேசுவது எல்லாம் அந்தக் குழு. சம்பளம் கிடையாது. திட்டம் நடந்த இடங்களில் சின்னப் பிள்ளைகளின் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு மூணில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது என்று ஆய்வு செய்தவர்கள் எழுதினார்கள். மற்ற நாட்டுக்காரர்களும் இதைப் பற்றிப் படித்தார்கள். 1990-களின் கடைசியில் இது அங்கன்வாடி நடத்துகிற ஐ.சி.டி.எஸ். திட்டத்தோடு சேர்ந்துவிட்டது.

உலக வங்கி எத்தனை கோடி கொடுத்தது, அரசு எத்தனை கோடி போட்டது என்பதெல்லாம் கணக்கில் இருக்கிறது. அந்தப் பெண்கள் குழுக்கள் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்பது எந்தக் கணக்கிலும் பணமாக ஏறவில்லை. 1957-ல் ஊர் கொடுத்த அரிசிக்காவது நாலு பைசா என்று ஒரு விலை இருந்தது. பெண்கள் கொடுத்த நேரத்துக்கு அந்த நாலு பைசாகூட எழுதப்படவில்லை.

வெளிநாட்டில் எப்படி எழுதினார்கள்

இதற்கு நேர் எதிராக ஒரு கதை அமெரிக்காவில் நடந்திருக்கிறது. அங்கேயும் ஏழைகளுக்கு உணவு வாங்க அரசு சீட்டு கொடுக்கும், நம்ம ரேஷன் மாதிரி. 1988-ல் விஸ்கான்சின் என்ற மாநிலத்தில் பிரவுன் கவுண்டி என்ற ஊர்ப்பக்கம், விவசாய விரிவாக்க வேலையில் இருந்தவர்கள் ஒரு விதியைக் கண்டுபிடித்தார்கள். உணவுச் சீட்டு வாங்குகிற குடும்பங்களுக்கு ஊட்டச்சத்துப் பாடம் நடத்த மாநிலமும் உள்ளூரும் எவ்வளவு செலவு செய்கிறதோ, அதே அளவு மத்திய அரசிடமிருந்து வாங்கலாம் என்பது அந்த விதி. விதி புத்தகத்தில் இருந்தது, யாரும் கேட்காமல் இருந்தார்கள். இவர்கள் கேட்டு எழுதினார்கள், கிடைத்தது. பிறகு ஒவ்வொரு மாநிலமாகக் கேட்டது.

அவர்கள் தங்கள் பங்கு என்று எதைக் காட்டினார்கள் என்பதைக் கவனிக்கணும். ரொக்கம் மட்டும் இல்லை. அரசு ஊழியர்கள் பாடம் நடத்தச் செலவழித்த நேரத்தையும் சம்பளக் கணக்குப்படி பணமாக மாற்றி எங்கள் பங்கு என்று எழுதினார்கள். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. அங்கே சம்பளக்காரர்களின் நேரம் பங்காகும்போது, இங்கே சம்பளம் இல்லாத பெண்ணின் நேரம் ஏன் பங்காகக் கூடாது?

அந்த ஊரிலும் பழைய குறை தலை காட்டியது. பணம் உள்ள மாநிலம் பெரிய பங்கைப் போட்டுப் பெரிய தொகை வாங்கியது, இல்லாத மாநிலம் பின்தங்கியது. 2010-ல் புதுச் சட்டம் போட்டு, பங்கு போட வேண்டாம், எத்தனை ஏழைகள் என்று பார்த்து நிதி தருகிறோம் என்று மாற்றிக்கொண்டார்கள். 2025-ல் இன்னொரு சட்டம் வந்து அந்த நிதியையே நிறுத்திவிட்டது. மேலேயிருந்து வருகிற பணத்தை மட்டும் நம்பின பாடம், மேலே முடிவு மாறின அன்றைக்கு நின்றுவிடும்.

இன்றைக்கு நம்ம மலையில்

இன்றைக்கும் 60-க்கு 40 என்ற கணக்கு உயிரோடுதான் இருக்கிறது. ஒரு படி மேலே ஏறிவிட்டது, அவ்வளவுதான். மகளிர் குழுக்களை நடத்துகிற வாழ்வாதார இயக்கத்தில் மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. பள்ளி மதிய உணவில் சமைக்கிற செலவுக்கும் அதே 60-க்கு 40. 2018 மார்ச் 8-ல் தொடங்கின போஷன் அபியான் என்ற ஊட்டச்சத்து இயக்கத்திலும் அப்படித்தான். காமராஜர் காலத்தில் ஊர் நின்ற இடத்தில் இப்போது மாநிலம் நிற்கிறது. நம்ம மாநிலமும் வருஷா வருஷம் திட்டம் எழுதி, பங்கு காட்டி, டெல்லியில் கேட்டுத்தான் வாங்குகிறது. அரசே அரசிடம் எழுதிக் கேட்கும்போது, நாம எழுதிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

ஊர் அளவில் பங்குத்தொகை என்றால் எல்லாருக்கும் தெரிந்தது நமக்கு நாமே திட்டம். 1997-98-ல் வந்தது. 2011-க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறியது. 2021-ல் மறுபடி நமக்கு நாமே என்று வந்தது. ஊர் மூணில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். பள்ளிக் கட்டடம், சுற்றுச்சுவர், குளம் தூர் வாருவது போன்ற வேலைகள் இதில் நடக்கும். 2020-ல் வந்த குறு உணவு நிறுவனங்கள் திட்டத்தில் உணவுப் பொருள் தயாரிக்கும் குழுவில் உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் உண்டு. இயந்திரம் வாங்க 35 சதவீதம் மானியம் உண்டு. சாமை உடைக்கிற இயந்திரம் வைக்க இது வழி.

பார்த்தீர்களா, சுவர் கட்டப் பங்குத்தொகை இருக்கிறது, இயந்திரம் வாங்க இருக்கிறது. தாய்மார்களுக்குப் பாடம் நடத்த, நம்ம பங்கோடு சேர்த்துப் போடுகிறோம் என்று சொல்லுகிற வழிதான் தேடினாலும் சுலபத்தில் கண்ணில் படுவதில்லை. சுவர் நிற்கிறது, போட்டோ எடுக்கலாம். பிள்ளைக்கு ரத்தம் ஊறியதைப் போட்டோ எடுக்க முடியாது.

அந்தப் பாடம் நமக்குத் தேவையா என்று கேட்டால், 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயசுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆறு மாசத்திலிருந்து அஞ்சு வயசுக்குள் உள்ள பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அஞ்சு வயசுக்குள் நாலு பிள்ளையில் ஒரு பிள்ளை வயசுக்கு ஏற்ற உயரம் இல்லை. இது மாநிலம் முழுக்கக் கணக்கு. ஆஸ்பத்திரி பக்கத்தில் உள்ள ஊரும் இதில் சேர்த்திதான்.

நம்ம மலையில் சாமை விளைகிறது, தேன் இருக்கிறது, பலா, புளி, முருங்கை, காட்டுக்கீரை இருக்கிறது. 100 கிராம் சாமையில் புரதம் சுமார் 10 கிராம், தீட்டிய அரிசியில் சுமார் 8 கிராம்தான். நார்ச்சத்து சாமையில் 7 கிராமுக்கு மேல், அரிசியில் 3 கிராமுக்கும் கீழே. இருந்தும் சாமையைக் கீழ்நாட்டு வியாபாரிக்குப் போட்டுவிட்டு, ரேஷன் அரிசியைப் பொங்குகிற வீடுதான் அதிகம். பெண்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சாமையை உரலில் போட்டுக் குத்திப் புடைத்து எடுக்கக் கை ஒடிந்துவிடும். ரேஷன் அரிசி களைந்து போட்டால் சோறு. காடு கழனி வேலைக்குப் போகிறவள் எதைச் செய்வாள்? அதனால்தான் இயந்திரமும் வேணும், பாடமும் வேணும் என்கிறேன். இயந்திரம் மட்டும் வந்தால் சாமை இன்னும் சுலபமாக மூட்டையில் ஏறிக் கீழே போகும். பாடமும் சேர்ந்து வந்தால் கொஞ்சம் நம்ம பிள்ளை தட்டிலும் விழும்.

பங்கை எப்படி எழுதுவது

நாம பணம் கேட்டு எழுதும்போது முதல் கேள்வி, “உங்க பங்கு எவ்வளவு?” என்பது. “நாங்க ஏழைங்க, எங்ககிட்ட என்ன இருக்கு” என்று சொன்னால் அங்கேயே முடிந்தது. நம்மிடம் இருக்கிறது, எழுதி வைக்காததுதான் குறை. கணக்கு புரிய ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு குழுவில் 20 பேர். மாசம் ஒரு வகுப்பு, வருஷத்துக்கு 12 வகுப்பு. ஒவ்வொரு வகுப்பிலும் சாமைக் கஞ்சியோ, கீரை போட்ட சாமைப் பொங்கலோ செய்து காட்டி, தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுப்பதாக வைப்போம்.

ரொக்கம்: ஆளுக்கு மாசம் 10 ரூபாய். 20 பேருக்கு 12 மாசத்தில் 2,400 ரூபாய்.

பொருள்: ஒரு வகுப்புக்கு வீட்டிலிருந்து கொண்டுவருகிற சாமை, பயறு, கீரை, வெல்லம், விறகு எல்லாம் சேர்த்து 250 ரூபாய் மதிப்பு. 12 வகுப்புக்கு 3,000 ரூபாய்.

உழைப்பு: ஒரு வகுப்புக்கு நாலு பெண்கள் அரை நாள். அரை நாள் கூலி 150 என்று வைத்தால் 600 ரூபாய். 12 வகுப்புக்கு 7,200 ரூபாய்.

மொத்தம் 12,600 ரூபாய் நம்ம பங்கு. அறுபதுக்கு நாற்பது என்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து 18,900 ரூபாய் கேட்கலாம். ரொக்கத்தை மட்டும் எழுதினால் நம்ம பங்கு 2,400-தான். அதற்கு 3,600-தான் கேட்க முடியும். உழைப்பையும் பொருளையும் எழுதாமல் விட்டால் 15,300 ரூபாய் நம்ம கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஒரு குழுவுக்கே இவ்வளவு என்றால் கூட்டமைப்பு முழுக்கக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாத் திட்டத்திலும் உழைப்பைப் பங்காக ஏற்பார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலதில் ரொக்கம் மட்டும்தான் எடுப்பார்கள். அதனால் மனு எழுதும் முன்னாலேயே, “பொருளும் உழைப்பும் பங்கில் சேருமா? மலைப்பகுதிக்குப் பங்கில் சலுகை உண்டா?” என்று கேட்டு, பதிலைத் தேதி போட்டுத் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளணும். ஏற்க மாட்டோம் என்றால், ஏற்கணும் என்று கிராம சபையில் பேசணும். 1957-ல் அரிசியைக் கணக்கில் எடுத்தார்கள் என்ற கதை அப்போது உதவும்.

மனுவோடு என்னென்ன வேணும் என்பது கடன் வாங்கிப் பழகின நமக்குப் புதுசு இல்லை. கூட்டத் தீர்மானத்தின் நகல், உறுப்பினர் கையெழுத்து, பாஸ்புக் நகல், தணிக்கை அறிக்கை. ஊட்டச்சத்து வகுப்புக்கு இதோடு மூணு விஷயம் கூடுதலாகச் சேர்க்கணும். முதலாவது, யாருக்குப் பாடம்: கர்ப்பிணிகள் எத்தனை பேர், மூணு வயசுக்குள் பிள்ளை உள்ள தாய்மார்கள் எத்தனை பேர். இரண்டாவது, ஆரம்பத்தில் நிலைமை என்ன: அங்கன்வாடியில் போட்ட எடை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்த ரத்த அளவு. மூணாவது, முடிவில் எதைக் காட்டுவோம்: அதே எடை, அதே ரத்த அளவு, வருஷக் கடைசியில். சுவரைப் போட்டோ எடுப்பது போல நம்ம பாடத்தைக் காட்ட வழி அந்த எடைக் கோடுதான். கொட்டாம்பட்டியில் அந்தக் கோட்டை வைத்துத்தான் உலகத்தையே நம்ப வைத்தார்கள்.

மனு போகிற வழியும் நம்ம கையில் இருக்கிறது. குழுக்கள் சேர்ந்து எழுதுகிற கிராம வறுமை ஒழிப்புத் திட்டம் ஊராட்சிக் கூட்டமைப்பு வழியாகக் கிராம சபைக்குப் போகிறது. அதில் வீடு, ரோடு, தண்ணீர் என்று எழுதும் இடத்தில் ஊட்டச்சத்து வகுப்பையும் ஒரு வரியாக எழுதணும். கிராம சபைத் தீர்மானத்தில் ஏறிவிட்டால், 1925-ல் சொன்னது போல “இதுக்குத் தலைப்பு இல்லை” என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

கடைசியாக

நம்ம குழுக்கள் வந்த வழியும் சின்னதுதான். 1983-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் வந்தது. 1989-ல் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில்தான் முதல் குழுக்களை அமைத்தார்கள். மாசம் அஞ்சும் பத்தும் சேர்த்த பெண்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு வங்கி மேனேஜர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறார். 2022 செப்டம்பர் 15-ல் 1,545 பள்ளிகளில் காலை உணவு ஆரம்பித்தபோது அடுப்பு பற்ற வைக்கக் கூப்பிட்டதும் மகளிர் குழுப் பெண்களைத்தான்.

அஞ்சு ரூபாயைச் சேமிப்பாக எழுதியதால்தான் நமக்குக் கடன் வந்தது. பிடி சாமையையும் அரை நாள் உழைப்பையும் பங்காக எழுதினால் பாடத்துக்கும் பணம் வரும். மனு எழுத அரசு ஆணை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சேமிப்பு நோட்டு, கடன் நோட்டு, தீர்மான நோட்டு என்று ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறது. வருகிற மாசக் கூட்டத்திலிருந்து இன்னொரு நோட்டுப் போடுங்கள், அக்கா. மேலே பங்கு நோட்டு என்று எழுதி, தேதி, கொடுத்தவர் பெயர், பொருள் அல்லது மணி நேரம், மதிப்பு என்று நாலு கட்டம் கிழித்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கொண்டுவந்த ஒரு கட்டுக் கீரையும் அதில் ஏறட்டும்.